ஒரே வலைக்கு எல்லா மீனும் வராது: பழைய ரோல் பிளேயிங் கேம்களில் சண்டை எப்படி நடக்கிறது?

போன பள்ளி விடுமுறைக்கு மண்டபம் ஊரிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். கையில் போன், அதில் புதிதாக இறக்கிய ஒரு கேம். “மாமா, இதுல இருநூறு வகை எதிரி இருக்கு” என்றான் பெருமையாக. வாங்கிப் பார்த்தேன். பச்சை எலும்புக்கூடு, நீல எலும்புக்கூடு, சிவப்பு எலும்புக்கூடு. பச்சைக்கு மூன்று அடி, நீலத்துக்கு ஆறு, சிவப்புக்குப் பத்து. எல்லாம் நேராக நடந்து வரும். இவன் நின்ற இடத்தில் நின்றுகொண்டு ஒரே பட்டனைத் தட்டுவான்.

“சரிடா, நீலம் வந்தா நீ என்ன மாத்திச் செய்வே?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். “கூட ரெண்டு தட்டு தட்டுவேன் மாமா.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. விமர்சனம் எழுதுபவர்களே ‘டாக்டிகல் சண்டை’, ‘விதவிதமான எதிரிகள்’ என்ற இரண்டையும் ஊறுகாய் மாதிரி எல்லாத் தட்டிலும் தொட்டு வைக்கிறார்கள். கஷ்டமாக இருந்தால் டாக்டிகல், படங்கள் நிறைய இருந்தால் விதவிதம் என்றாகிவிட்டது. இந்த இரண்டும் உண்மையில் என்ன, ஒன்றில்லாமல் மற்றொன்று ஏன் நிற்காது என்பதைக் கேம் பக்கமே போகாதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

கரையிலிருந்து தொடங்குவோம்

பாம்பனில் வல்லம் என்ற மீன்பிடிப் படகு கரைக்கு வந்து, வலையை மணலில் விரித்து மீன் கழற்றுவதை ஒரு முறை பக்கத்தில் நின்று பாருங்கள். சின்ன வயதில் என் சித்தப்பா அருகில் உட்கார்ந்து நானும் கழற்றியிருக்கிறேன். நண்டு வந்தால் பின்னாலிருந்து ஓட்டை அமுக்கிப் பிடிக்க வேண்டும். முன்னால் கை போனால் கொடுக்கு விடாது. கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள். அந்த மூன்றுக்கும் நடுவே விரல் போக இடம் தெரிந்திருக்க வேண்டும். திருக்கை என்றால் பேச்சே இல்லை. மற்ற மீனெல்லாம் காத்திருக்கட்டும், முதலில் அதன் வாலை மிதித்து முள்ளை வெட்டிவிட்டுத்தான் மறுவேலை.

சித்தப்பா அடுக்கடுக்காக இதைச் செய்துகொண்டே போவார். எதை முதலில் தொடுவது, எங்கே பிடிப்பது, எதை அப்படியே விட்டு வைப்பது என்பதெல்லாம் கைக்குத் தெரியும். ஒரு நாள் நான் திருக்கையை விட்டுவிட்டுப் பக்கத்தில் துள்ளிய நண்டுக்குக் கை நீட்டினேன். மணிக்கட்டில் விழுந்த அடி சித்தப்பாவுடையது. திருக்கையின் அடியாக இருந்திருந்தால் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்திருப்பேன்.

பிடிப்பதற்கு முன்னாலும் இதே கதைதான். நண்டுக்கு ஒரு வலை, இறாலுக்கு வேறு வலை, கணவாய்க்குத் தூண்டில், கீழக்கரைப் பக்கம் பாறைமீனுக்குக் கூடு. மீன் வகை மாறினால் செய்கிற வேலையும் மாறுகிறது. அதனால்தான் அவற்றை வேறு வேறு வகை என்று கரையில் சொல்கிறோம். நிறம் அப்புறம்தான்.

பதினைந்து ஆடும் மூன்று புலியும்

இன்னும் கொஞ்சம் நெருங்கி வருவோம். ஆடு புலி ஆட்டம் ஆடியிருப்பீர்கள். பல கோயில் மண்டபங்களின் கல்தரையில் அதன் கட்டம் செதுக்கியிருக்கும். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டி வெட்டும், ஆட்டால் யாரையும் வெட்ட முடியாது. அப்படியும் ஆடு ஜெயிக்கிறது. ஒரு ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலியால் தாண்ட முடியாது. அப்படியே அடைத்து அடைத்து, புலி நகர வழியில்லாமல் பண்ணிவிடலாம்.

ஆட்டுக்கு இங்கே பலமே இல்லை. இருப்பதெல்லாம் நிற்கும் இடமும் நகரும் வரிசையும்தான். எங்கே நிற்கிறோம், எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முடிவை மாற்றுமானால் அது டாக்டிகல் சண்டை. இனி இதை உத்திச் சண்டை என்றே சொல்கிறேன். அக்கா மகனின் கேமில் அவன் எங்கே நின்றாலும் ஒன்றுதான், எதை முதலில் அடித்தாலும் ஒன்றுதான். அதில் எத்தனை கஷ்டம் இருந்தாலும் உத்தி இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இடமும் வரிசையும் பொருட்பட்டால் உத்தி, எதிரி மாறும்போது நாம் செய்வதும் மாறினால் வகை. இனி இயந்திரத்தின் உள்ளே போவோம்.

இடம் என்ன செய்கிறது?

ரோல் பிளேயிங் கேம் என்றால் கதையில் வரும் ஒரு பாத்திரமாக நாமே இருந்து ஆடுவது. பழைய கணினி ரோல் பிளேயிங் கேம்களில் பெரும்பாலும் நீங்கள் ஒரே ஆளாக இருக்க மாட்டீர்கள். நான்கு பேர், ஆறு பேர் கொண்ட ஒரு குழுவையே நடத்துவீர்கள். வாள்காரன், திருடன், பூசாரி, மந்திரவாதி என்று ஆளுக்கொரு தொழில். பலவற்றில் சண்டைக்களம் சதுரக் கட்டங்களாக விரியும்; ஒரு கட்டத்தில் ஒருவர்தான் நிற்கலாம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். வெட்டவெளியில் நிற்பவனைச் சுற்றி எட்டுக் கட்டம், அதாவது எட்டுப் பேர் ஒரே நேரத்தில் அடிக்கலாம். சுவரில் முதுகைச் சாய்த்து நின்றால் ஐந்து. மூலையில் மூன்று. ஒரு கட்ட அகலமுள்ள நடையில் நின்றால் முன்னாலிருந்து ஒருவன் மட்டும். எதிரில் முப்பது பேர் வந்தாலும் அதே கணக்கு. பாம்பன் ரயில் பாலத்தில் ஒற்றைத் தண்டவாளம். மண்டபத்தில் எத்தனை வண்டி நின்றாலும் பாலத்தில் ஏறுவது ஒன்றுதான். நடையில் நிற்கும் வாள்காரன் எதிரிகளை அப்படி வரிசையில் நிறுத்திவிடுகிறான்.

1981-ல் வந்த விசார்ட்ரி என்ற கேமில் கட்டமெல்லாம் கிடையாது. ஆறு பேர் குழுவில் முன்வரிசை மூவர் மட்டும் கையில் பிடித்த ஆயுதத்தால் அடிக்க முடியும், பின்வரிசையில் இருப்பவர்கள் மந்திரம்தான் போட வேண்டும். அவ்வளவு சின்ன விதிகூடப் போதும், யாரை எங்கே வைப்பது என்ற யோசனை வந்துவிடும். 1997-ல் வந்த ஃபாலவுட் அறுகோணக் கட்டங்களை வைத்தது, அங்கே எட்டு ஆறாகிறது.

வரிசை என்ன செய்கிறது?

இந்தப் பகுதியில் கொஞ்சம் கூட்டல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது புரிந்தால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

ஹிட் பாயிண்ட் என்பது ஒருவர் விழும்வரை தாங்கக்கூடிய அடியின் அளவு. உயிர்ப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பழைய கேம்களில் ஒரு விசித்திரம் உண்டு: உயிர்ப்புள்ளி பாதியாகக் குறைந்தவனும் முழுப் பலத்தோடுதான் அடிப்பான். ஒரே ஒரு புள்ளி மிச்சமிருந்தாலும் அப்படித்தான். பூஜ்யத்தைத் தொட்டால்தான் கை நிற்கும்.

மூன்று எதிரிகள், ஆளுக்குப் பத்து உயிர்ப்புள்ளி. ஒவ்வொருவனும் சுற்றுக்கு மூன்று புள்ளி அடி கொடுப்பான். நம் குழு மொத்தமாகச் சுற்றுக்குப் பத்துப் புள்ளி அடிக்கும், முதல் முறையும் நமக்குத்தான். அடியை மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தால், முதல் சுற்றில் மூவரும் உயிரோடு நின்று ஒன்பது கொடுப்பார்கள், இரண்டாவது சுற்றிலும் ஒன்பது. மூன்றாவது சுற்றில் சேர்ந்து விழுவார்கள். நமக்கு விழுந்தது பதினெட்டு. மாறாக, எல்லோரும் ஒருவனையே அடித்தால் முதல் சுற்றில் ஒருவன் காலி, மீதி இருவர் ஆறு கொடுப்பார்கள். அடுத்த சுற்றில் இன்னொருவன் காலி, கடைசி ஆள் மூன்று கொடுப்பான். அப்புறம் அவனும் இல்லை. நமக்கு விழுந்தது ஒன்பது.

அதே ஆட்கள், அதே வாள், அதே அடி. வரிசை மட்டும் மாறியது, இழப்பு பாதியாகிவிட்டது. எதிரிக்கு இருக்கும் உண்மையான சொத்து அவன் செயல்படும் வாய்ப்புகள்தான். அவற்றைப் பறிப்பதுதான் வேலை. கொன்று பறிக்கலாம், தூங்க வைத்துப் பறிக்கலாம், கதவை அடைத்து வெளியே நிறுத்தியும் பறிக்கலாம்.

சுருக்கமாக: இடத்தால் எத்தனை பேர் நம்மைத் தொடலாம் என்பது தீர்மானமாகிறது, வரிசையால் அவர்கள் எத்தனை முறை தொடுவார்கள் என்பது தீர்மானமாகிறது.

இது எங்கிருந்து வந்தது?

மேசை மேல் பொம்மை வீரர்களை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து வந்தது. 1971-ல் செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விதித்தொகுப்பு வெளியானது. அதை எழுதியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசனோடு சேர்ந்து 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார். படையை நடத்திய இடத்தில் ஒவ்வொருவரும் ஒரு தனி ஆளை நடத்துவது என்று ஆட்டம் மாறியது. கணினிக்கு அதை அதிகாரபூர்வமாகக் கொண்டுவந்தது எஸ்எஸ்ஐ என்ற நிறுவனம், 1988-ல், பூல் ஆஃப் ரேடியன்ஸ் என்ற கேமாக. எஸ்எஸ்ஐ அதற்கு முன்பே கணினிப் போர் விளையாட்டுகளில் பேர் வாங்கிய நிறுவனம். அந்தக் கேமில் கதை நடக்கும்போது ஒரு திரை, சண்டை வந்ததும் கட்டம் போட்ட வேறு திரை என்று இருப்பதைப் பார்த்தாலே அந்தப் பழக்கம் தெரியும்.

எதிரி கேட்கும் கேள்வி

பூல் ஆஃப் ரேடியன்ஸை வைத்தே சொல்கிறேன், இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது. தொடக்கத்தில் கோபால்ட், காப்ளின், ஆர்க் என்று பொடியன்கள் கூட்டமாக வருவார்கள். உங்கள் மந்திரவாதியிடம் தூக்க மந்திரம் இருக்கும். ஒரு முறை போட்டால் நாலைந்து பேர் சுருண்டு விழுவார்கள், தூங்குகிறவனை ஒரே வெட்டில் முடிக்கலாம். ஆஹா, ஆட்டம் பிடிபட்டுவிட்டது என்று தோன்றும்.

அப்புறம் எலும்புக்கூடுகளும் நடைபிணங்களும் வரும். செத்தவனுக்குத் தூக்கம் ஏது? மந்திரம் வீண். இப்போது பூசாரிக்கு வேலை வருகிறது. தெய்வத்தின் பேரைச் சொல்லி அவர் விரட்டினால் அவை ஓடும். அதுவரை கட்டுப்போடுவதற்கு மட்டும் வைத்திருந்த ஆள் அவர்.

அடுத்து ட்ரோல். பெரிய உருவம், தூக்க மந்திரத்துக்கு மசியாது. எப்படியோ அடித்துச் சாய்த்துவிட்டு அடுத்தவனிடம் திரும்புவீர்கள். இரண்டு மூன்று சுற்றில் பின்னால் சத்தம் கேட்கும். செத்த ட்ரோல் எழுந்து நிற்கும். அதன் உடம்பு தானே ஒட்டிக்கொள்ளும் ஜாதி. மேசை விதிகளின்படி நெருப்போ அமிலமோ வேண்டும். இந்தக் கேமில் இன்னொரு வழியும் உண்டு: அது விழுந்த கட்டத்தின் மேலேயே உங்கள் ஆள் ஒருவன் ஏறி நின்றுவிட வேண்டும். நிற்கும்வரை எழாது. ஆனால் நிற்கிறவன் நகர முடியாது. நாலு ட்ரோலைச் சாய்த்தால் நாலு பேரைக் காவலுக்கு நிறுத்த வேண்டும், அப்போது மீதிச் சண்டையை யார் போடுவது? இதை முதலில் கண்டுபிடித்த அன்று நான் கணினியை நிறுத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய் நடந்துவிட்டு வந்தேன். ‘எழுந்து வரும்’ என்ற ஒரே விதி மொத்தக் களத்தையும் புரட்டிப் போட்டுவிட்டது.

ஒவ்வொரு எதிரியும் ஒரு கேள்வியைக் கொண்டுவருகிறான். கூட்டமாக வந்தால் என்ன செய்வாய்? மந்திரம் பலிக்காவிட்டால்? செத்தும் சாகாவிட்டால்? கேள்வி புதிதானால்தான் எதிரி புதிது. ஆகவே அக்கா மகனிடம் கேட்ட அதே கேள்விதான் சோதனை: இவன் வந்ததால் நான் எதை மாற்றிச் செய்தேன்?

நிறம் மாற்றி எதிரியாக்குவதை நான் கேலி செய்தாலும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கேம்கள் ஃபிளாப்பி டிஸ்கில் வந்தவை. ஒவ்வொரு படமும் இடத்தைத் தின்னும். ஒரே படத்துக்கு வேறு வண்ணம் பூசி, அதற்கு ஒரு புதிய குணம் கொடுத்தால் அது நேர்மையான வேலை. படத்தை மட்டும் மாற்றி, குணத்தை அப்படியே விடுவதுதான் ஏமாற்று. இன்றைக்கு இடப் பஞ்சமே இல்லை, ஏமாற்று மட்டும் தொடர்கிறது.

பசிலிஸ்க், ஐந்து சிடி

பயோவேர் நிறுவனம் உருவாக்கி 1998-ல் வெளியான பால்டர்ஸ் கேட் என்ற கேம் ஐந்து சிடியில் வந்தது. கீழக்கரை நண்பனின் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து கொண்டுவந்த அந்தப் பெட்டிக்காக நாங்கள் நாலு பேர் முறை வைத்துக் காத்திருந்தோம். அதில் பசிலிஸ்க் என்று ஒரு பல்லி. மெதுவாக ஊர்ந்து வரும். பார்த்தால் பாவமாக இருக்கும். அது பார்த்தால் நீங்கள் கல். கதாநாயகன் கல்லானால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. வாள்காரனின் உயிர்ப்புள்ளி எத்தனை என்று அது கேட்காது.

மூன்று தடவை கல்லானோம். நாலாவது தடவை நண்பன் மந்திரப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தான். கல்லாவதைத் தடுக்கும் ஒரு மந்திரம் முதல் நிலையிலேயே, யாரும் சீண்டாமல் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு போனபின் பசிலிஸ்க் வெறும் பல்லி. “வாலை வெட்டுன திருக்கைடா” என்றேன். கீழக்கரைக்காரனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கலந்து வரும்போது

தனித்தனியாகத் தெரிந்த எதிரிகள் சேர்ந்து வரும்போதுதான் ருசி. முன்னால் ஓநாய்கள், பின்னால் வில்காரர்கள். ஓநாய்க்காக நடையில் போய் ஒடுங்கினால், அசையாத இலக்காகி அம்புக்கு மாட்டுவீர்கள். வில்காரனை நோக்கி ஓடினால் வெட்டவெளியில் ஓநாய் சூழும். இரண்டு கேள்விக்கும் தனித்தனியாக விடை தெரியும், ஆனால் ஒரு விடை இன்னொன்றைக் கெடுக்கிறது. நல்ல சண்டையை வடிவமைப்பவர் எதிரி எண்ணிக்கையைவிட இந்த முடிச்சைத்தான் யோசிப்பார்.

சின்ன எதிரிகளுக்கும் ஒரு வேலை உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழிவந்த கேம்களில் மந்திரம் படகில் ஏற்றிய ஐஸ் மாதிரி. போட்டால் தீர்ந்தது, ஓய்வெடுத்துத் திரும்ப மனப்பாடம் செய்தால்தான் உண்டு. முதல் பாட்டுக்கு (ஒரு முறை வலை போட்டு எடுப்பது ஒரு பாடு) கிடைத்த காரல்பொடி என்ற சின்ன மீனுக்கே ஐஸை எல்லாம் கொட்டிவிட்டால், மூன்றாவது பாட்டில் சீலா ஏறும்போது என்ன செய்வீர்கள்? பொடி ஆர்க்குகள் உங்களைக் கொல்ல வரவில்லை, ஐஸைத் தீர்க்க வருகிறார்கள்.

நிறுத்தி ஆடுவதும் ஓடவிட்டு ஆடுவதும்

பூல் ஆஃப் ரேடியன்ஸ் முறைவழி ஆட்டம். அவரவர் முறை வரும்வரை களம் உறைந்து நிற்கும். பால்டர்ஸ் கேட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் இயங்குவார்கள், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் உலகம் நிற்கும். கட்டளை கொடுத்துவிட்டு மறுபடி ஓடவிடலாம். உள்ளுக்குள் ஆறு நொடிக்கு ஒரு சுற்று என்று பழைய விதிகளே ஓடுகின்றன.

முறைவழி என்றாலே உத்தி, ஓட்டம் என்றாலே கைவேகம் என்று பலர் பிரிக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. முறை போட்டுக்கொண்டு ‘அடி, அடி, அடி’ என்று மட்டும் அழுத்தும் கேம்கள் ஏராளம். பால்டர்ஸ் கேட்டிலோ, குறுகலான நடையில் நான் எதிரி மேல் விட்ட மின்னல் மந்திரம் சுவரில் பட்டுத் திரும்பி, இன்னொரு சுவரில் பட்டு மறுபடி திரும்பி, என் ஆட்கள் மூவரைச் சாய்த்தது. எதிரி நின்றுகொண்டிருந்தான். எந்த நடை எனக்குக் காவல் என்று மேலே சொன்னேனோ, அதே நடை. இடம் பொருட்படுகிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: புதிதாகக் கற்பவருக்கு முறைவழி ஆட்டம்தான் நல்லது. என்ன நடந்தது என்பது நின்று தெரியும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். கஷ்டத்தைக் கூட்டினால் உத்தி கூடும் என்பது. எதிரியின் உயிர்ப்புள்ளியை மூன்று மடங்காக்கினால் சண்டை மூன்று மடங்கு நீளும், அவ்வளவுதான். கேள்வி மாறவில்லையே.

அக்கா மகன் ஊருக்குப் போகும் முன் அக்கா வீட்டுப் பழைய லேப்டாப்பில் பூல் ஆஃப் ரேடியன்ஸை ஏற்றிக் கொடுத்தேன். இணையக் கடையில் இன்றும் விற்கிறார்கள். “என்ன மாமா, படமே இப்படி இருக்கு” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கிப் போனான். ட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது.

“மாமா, ஒருத்தன் செத்துட்டு எந்திரிக்கிறான் மாமா!”

“அவன் விழுந்த எடத்துல இப்ப யாரு நிக்கிறா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் விசைப்பலகை தட்டுகிற ஓசை மட்டும் கேட்டது.